நீலக் கட்டத்துக்கு முன்னால்

வண்டியை நிறுத்தவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. பிரேக்கில் வலது காலை அழுத்தி வைத்தபடி ஜெசிந்தா அந்த நீலக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் வாசலுக்கு நேர் எதிரே, கூரை நிழலில், தரைக்கு நீலச் சாயம் அடித்து நடுவில் வெள்ளையாகச் சக்கர நாற்காலி வரைந்திருந்த இடம். காலியாக இருந்தது. காலியாக இருந்ததுதான் தொந்தரவு. யாராவது நிறுத்தியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நேரே போய், அந்தக் கோடியில் வெயிலில் தகதகத்துக்கொண்டிருக்கும் பொது மைதானத்தில் வண்டியைப் போட்டிருப்பாள். முடிவை வேறு யாரோ எடுத்திருப்பார்கள். இப்போது அவள் எடுக்க வேண்டியிருக்கிறது. தரையிலிருந்த அந்த வெள்ளைப் பொம்மைக்கு ஒரு உருண்டைத் தலை, ஒரு முதுகு, ஒரு பெரிய சக்கரம். அது உட்கார்ந்திருக்கிறது. வரைந்த நாளிலிருந்து உட்கார்ந்தேதான் இருக்கிறது. நான் உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், ஒன்பதாம் வகுப்பில் போர்டுக்கு முன்னால் நின்று முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டிக் காட்டுகிறேன். நேற்றுகூட மாடிப்படி ஏறினேன். ஏறினேன் என்றால், கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மேலே போய் மூச்சு வாங்குகிற மாதிரி நடித்து. மூச்சு வாங்கினால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. வலித்தால்தான் நினைக்கிறார்கள். இன்றைக்கு வலி எப்படி இருக்கிறது என்று தனக்குள் இறங்கிப் பார்த்தாள். காலையில் எழுந்தபோது பாதத்துக்கு அடியில் யாரோ சரளைக் கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். குளித்து, மாத்திரை போட்டு, இட்லி தின்று, ஒன்பது மணி வெயில் ஜன்னலுக்கு வந்தபோது அது ஆற்று மணல் அளவுக்கு இறங்கியிருந்தது. இப்போது இரண்டுக்கும் நடுவில். இந்த நடுதான் பாடாய்ப் படுத்துகிறது. படுக்கையிலிருந்து எழ முடியாத நாளில் எந்தக் கேள்வியும் கிடையாது. நன்றாக இருக்கிற நாளிலும் கிடையாது. நடுவில் ஒரு நாள் வந்தால் உடனே உள்ளே ஒரு வக்கீல் எழுந்து நின்றுவிடுகிறார். நடக்க முடியுமா முடியாதா, ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள். முடியும். ஆனால். ஆனால் எல்லாம் வேண்டாம், முடியுமா?

முடியும் என்றுதான் பிலோ அக்காவும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சிங்கப்பூரிலிருந்து வந்த விமானம் தரை இறங்கிவிட்டது என்று கைப்பேசி சொல்லியாகிவிட்டது. அக்கா இந்நேரம் பாஸ்போர்ட் வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் நிற்கிறவர்களைத் தலையை எக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிலோமினா, அவளைவிட ஏழு வயது மூத்தவள். அம்மாவுக்கு முடக்குவாதம் வந்தபோது பிலோவுக்குப் பதினெட்டு, கல்லூரியில் சேர இடம் கிடைத்திருந்தது, போகவில்லை. அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கிக்கொண்டதை, கணுக்கால் மரக்கட்டை மாதிரி இறுகியதை, கடைசியில் படுக்கையோடு படுக்கையாக ஆனதை எல்லாம் கூடவே இருந்து பார்த்தவள் அவள். சோறு ஊட்டினாள், தலை வாரினாள், இடுப்புக்கு அடியில் துணி மாற்றினாள். ஜெசிந்தா பக்கத்து அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முப்பத்துநாலு வயதாகும்வரை கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை, அம்மாவை அடக்கம் செய்த பிறகுதான் எடுத்தார்கள். அந்த அடக்கத்தன்று சாயங்காலம், கல்லறையிலிருந்து எல்லோரும் திரும்பி வந்த பிறகு, கொல்லையில் அக்கா அம்மாவின் ரப்பர் விரிப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இனி யாருக்கும் வேண்டாத விரிப்பு. தண்ணீர் பிடித்துக் கொடுக்கப் போன ஜெசிந்தாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "போதும்டி. இனிமே இந்த ஜென்மத்துல இன்னொரு சீக்காளியப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல." அவ்வளவுதான். அதற்கப்புறம் கல்யாணம், சிங்கப்பூர், ஒரு பெண் குழந்தை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜெசிந்தாவின் விரல் கணுக்கள் வீங்கி, ரத்தப் பரிசோதனை வந்து, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டபோது, அவள் காதில் விழுந்தது டாக்டரின் குரல் இல்லை. ரப்பர் விரிப்பைத் தேய்க்கிற சத்தம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், அக்காவுக்குத் தெரியக்கூடாது. ஒரு ஆயுசுக்கு ஒரு சீக்காளி போதும் ஒருத்திக்கு. அதிலிருந்து பொய்க்குப் பின்னால் பொய்யாக நடந்து வந்தாயிற்று. அக்கா மகள் கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு சிங்கப்பூர் வரச் சொல்லி டிக்கெட் போடுகிறேன் என்றார்கள், பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும் என்றாள். மறு வருஷம் கூப்பிட்டார்கள், இவருக்கு லீவு இல்லை என்றாள். வீடியோவில் கூப்பிட்டால் நெட் சரியில்லை என்று படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கொடுத்தாள். அக்கா கூப்பிடுவது குறைந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று இருந்தபோது, போன வாரம் திடீரென்று, "ஒரு வாரம் வர்றேன். நான் மட்டும்தான் வர்றேன். உன்கிட்ட நேர்ல ஒண்ணு கேக்கணும்" என்றாள். குரலில் சிரிப்பு இல்லை.

நேரில் ஒன்று கேட்க வருகிறவளை நீலக் கட்டத்தில் வண்டியை வைத்துக்கொண்டா வரவேற்பது? கேட்பதற்கு முன்னாலேயே பதில் தரையில் வரைந்து கிடக்கும். வேண்டாம், மைதானத்திலேயே போடலாம். மைதானத்திலிருந்து வாசல் வரைக்கும் நடக்கிற நடையை மனசுக்குள் நடந்து பார்த்தாள். முதலில் தார், வெயிலில் இளகிய தார். அப்புறம் ஒரு நடைமேடை விளிம்பு, அதில் ஏற இடது காலைத் தூக்கிவைக்க வேண்டும், இடது கணுக்கால்தான் மோசம். அப்புறம் டாக்ஸிக்காரர்கள் கூட்டம். வாசலுக்குப் போய்ச் சேரும்போது முகத்தில் அந்தச் சுளிப்பு வந்துவிடும், கண்ணாடியில் பார்த்திருக்கிறாள், அம்மாவின் சுளிப்பு அது, அப்படியே அச்சு. அது அக்காவுக்குத் தெரியாதா? இருபது அடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடிக்கவில்லை என்றே வை, திரும்பவும் அதே வழியாக, பெட்டியோடு, அக்காவின் நடைக்கு ஈடுகொடுத்து. அக்கா வேகமாக நடப்பாள், எப்போதும் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. அதற்கப்புறம் நாளைக்கு, நாளை மறுநாள், படுக்கை. அக்கா ஊரில் இருக்கிற ஒரு வாரமும் படுக்கை. போன சித்திரையில் கணவர் தன்ராஜின் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு இப்படித்தான் தெருக்கோடியில் வண்டியைப் போட்டுவிட்டுப் பட்டுப்புடவையோடு நடந்து போய், சிரித்து, சாப்பிட்டு, நடந்து வந்து, பிறகு எழுந்து பல் தேய்க்கவே தன்ராஜ் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. தெரியும். எல்லாம் தெரியும். இருந்தாலும் கை ஸ்டியரிங்கைத் திருப்ப மாட்டேன் என்கிறது. ஒரு தடவை திருப்பியிருக்கிறாள். ஊனமுற்றோர் அட்டை வந்த புதிதில், ஒரு ஜவுளிக்கடைக்குக் கீழே இதே மாதிரி நீலக் கட்டத்தில். இறங்கிக் கதவைப் பூட்டியபோது, பக்கத்தில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் அவளுடைய காலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, அவளிடம் இல்லை, தன் பெண்டாட்டியிடம் சொன்னான், "நல்லாத்தானே நடக்குது. எல்லாத்துக்கும் சலுகை." நடக்குது. ஏதோ ஆட்டுக்குட்டியைச் சொல்கிற மாதிரி. அவனிடம் அட்டையைக் காட்டியிருக்கலாம், காலைக் காட்டியிருக்கலாம், கத்தியிருக்கலாம். அவள் திரும்ப வண்டியில் ஏறி, பின்னால் எடுத்து, வீட்டுக்கே வந்துவிட்டாள். பொங்கலுக்குத் துணி எடுக்கவில்லை. அதோடு சேர்ந்து பள்ளிக்கூடத்துத் தமிழம்மா ஸ்டாஃப் ரூமில் பாசமாகச் சொன்னதும் வந்து நிற்கும்: "உங்களைப் பாத்தா சீக்காளின்னே தெரியல டீச்சர்." நல்ல வார்த்தைதான். அதைக் காப்பாற்றத்தான் எவ்வளவு பாடு. சரி, அதெல்லாம் போகட்டும், இப்போது நான் இதில் நிறுத்திவிட்டால், நிஜமாகவே முடியாத ஒருத்தர் வந்தால்? அந்த நிஜமாகவே என்கிற வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. நிஜமாகவே முடியாதவர் என்றால் யார்? கால் இல்லாதவர். நாற்காலியில் வருகிறவர். அம்மா. அம்மாவைக்கூட முதல் நாலைந்து வருஷம் தெருவில் பார்த்தவர்கள் எவருக்கும் தெரியாது. அப்படியானால் அந்த நாலைந்து வருஷம் அம்மாவுக்கு வலித்தது பொய்யா? பக்கத்துக் கட்டத்தில், அதுவும் நீலம்தான், ஒரு பெரிய வெள்ளை வண்டி கோட்டைத் தாண்டி அகலமாக நின்றது. முன்னால் கொடிக்கம்பம். அட்டையும் இல்லை ஒன்றும் இல்லை. அதை ஓட்டி வந்தவனுக்கு இந்த யோசனையில் ஒரு துளிகூட வந்திருக்காது. அவனுக்கு நிழல் வேண்டியிருந்தது, நிறுத்தினான், போய்விட்டான். அவன்மேல் வந்த கோபத்தில் ஒரு நொடி ஸ்டியரிங்கைத் திருப்பிவிடப் பார்த்தாள். கோபம் போதவில்லை.

அப்போது தன்ராஜ் கூப்பிட்டார். ரயில்வே பணிமனையில் வேலை, பின்னால் இரும்பு இரும்பை அடிக்கிற சத்தம் எப்போதும் இருக்கும். "அக்கா வந்தாச்சா?" என்றார். "இன்னும் இல்ல." "எங்க போட்ருக்க வண்டிய?" "இன்னும் போடல." "போடலையா? ஓட்டிக்கிட்டா பேசுற?" "இல்லங்க. நிக்கிறேன். அந்த நீலக் கட்டத்துக்கு முன்னால." "அப்ப உள்ள போட வேண்டியதுதானே. யாராச்சும் நிக்கிறாங்களா?" "இல்ல. காலியாத்தான் இருக்கு." தன்ராஜ் பெரிதாகப் பேசுகிறவர் இல்லை. அட்டைக்காக அவளோடு மூன்று தடவை அலைந்தபோதும், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை உட்கார வைத்துவிட்டு வரிசையில் தான் நின்றபோதும், ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் மூடியைத் திறந்து கொடுப்பார். இப்போது, "ஜெசி, இங்க பாரு. நீ அம்புட்டுத் தூரம் நடந்து போனேன்னு யாரும் உனக்குக் கப்பு குடுக்கப் போறதில்ல" என்றார். "அதில்லங்க. அக்கா பாத்துரும்." "பாக்கட்டும்." "உங்களுக்கு ஈஸியா இருக்கு. அது அன்னைக்கு என்ன சொல்லுச்சு தெரியும்ல." "நீ ஆயிரம் வாட்டி சொல்லிட்ட. நான் அதைக் கேட்ட ஆளு இல்ல, நீதான் கேட்ட. ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு வாரம் நம்ம வீட்லதான இருக்கப் போவுது? காலையில நீ எந்திரிக்கிறத எங்க கொண்டு போயி ஒளிப்ப?" அதை அவள் யோசிக்கவில்லை என்பதில்லை. யோசித்திருந்தாள், அக்கா எழுவதற்கு முன்னாலேயே எழுந்து, சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு. ஒரு வாரம் முழுக்க. சொந்த வீட்டில் திருடியைப் போல. "நான் வைக்கிறேங்க" என்றாள். "உள்ள போடு" என்றுவிட்டு அவரே வைத்துவிட்டார்.

பின்னால் ஒரு ஹாரன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு இன்னோவா முட்டிக்கொண்டு நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. அதோடு பக்கக் கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டல். சீருடைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், முகமெல்லாம் வேர்வை. ஜெசிந்தா கண்ணாடியை இறக்கினாள். வெயில் ஒரு பிடி உள்ளே வந்து விழுந்தது. "மேடம், வழியில நிக்காதீங்க. ஒண்ணு உள்ள போடுங்க, இல்ல நேரா எடுத்துட்டுப் போங்க." "உள்ள..." என்று ஜெசிந்தா நீலக் கட்டத்தைக் கையால் காட்டினாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது ஊனமுற்றவங்க எடம் மேடம். யாருக்கு? வர்ற பேசஞ்சருக்கா?" என்றாள். கேள்வியிலேயே பதிலும் இருந்தது. ஆமாம், அக்காவுக்கு, அவங்களுக்கு முட்டி வலி. எவ்வளவு சுலபம். தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். இடமும் கிடைக்கும், பெயரும் கெடாது. அந்தத் தலையாட்டல் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அக்கா என்கிற சொல் நாக்கு நுனியில் நின்றது, அதைச் சொல்லப்போகும்போது அவளுக்குத் திடீரென்று ஒரு அருவருப்பு, ஒரு காலத்தில் அம்மாவைத் தூக்கித் தூக்கி இடுப்பொடிந்தவள்மேல் என் வலியையும் தூக்கி வைக்கிறேனே, அவளுக்குத் தெரியாமலே, அவளைக் கேட்காமலே. பின்னால் ஹாரன் நீளமாக அடித்தது. "எனக்குத்தான்" என்றாள் ஜெசிந்தா. குரல் வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. அவளே பயந்துபோனாள். "எனக்குத்தாங்க. எனக்கு முடக்குவாதம். அட்டை இருக்கு." இப்போது பார்க்கப்போகிறாள், மேலிருந்து கீழே, காலை, செருப்பை, நல்லாத்தானே இருக்கீங்க என்று. ஜெசிந்தா எடுத்து நீட்டிய அட்டையை அந்தப் பெண் பார்த்தாள், அவளுடைய முகத்தைப் பார்த்தாள், இரண்டும் ஒரே ஆளா என்று சரிபார்த்தாள், அவ்வளவுதான். "கண்ணாடிகிட்ட தெரியற மாதிரி வைங்க. கொஞ்சம் லெஃப்ட்ல ஒட்டிப் போடுங்க, அந்த வெள்ளை வண்டிக்காரன் கோட்டத் தாண்டி நிக்கிறான், நம்பர் எழுதிக் குடுத்திருக்கேன்" என்றுவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு இன்னோவாவைத் திட்டப் போய்விட்டாள். முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது ஜெசிந்தாவுக்கு. ஐந்து வருஷமாக உள்ளே நின்று வாதாடிக்கொண்டிருந்த வக்கீல் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றார்.

வண்டியை நுழைத்தாள். இடது பக்கமாக ஒட்டி, நேராக, வெள்ளைப் பொம்மையின் தலைக்கு மேல். அணைத்தாள். ஏசி நின்றதும் வந்த அமைதியில் தன் உடம்பு முழுக்க என்னவெல்லாம் இறுகிப் போயிருந்தது என்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தாடை, தோள், வயிறு, பிரேக்கை மிதித்து மிதித்து மரத்துப்போன வலது பாதம். ஒவ்வொன்றையும் விட்டாள். கொடியில் இறுக்கிப் பிழிந்து போட்ட துணி காற்றில் மெதுவாகப் பிரிவது மாதிரி இருந்தது. இறங்கினாள். நிழல். சமதளம், விளிம்பு இல்லை, சரிவாக இறக்கியிருந்தார்கள். வாசலுக்கு வந்துவிட்டாள். வந்துவிட்ட பிறகும் காலில் இன்னும் நடை மிச்சம் இருந்தது. அதுதான் அவளை ஆச்சரியப்படுத்தியது. எத்தனையோ காலமாக எங்கே போனாலும் போய்ச் சேருவதிலேயே எல்லாம் தீர்ந்துபோய், போன காரியத்துக்கு எதுவும் மிச்சமில்லாமல் நாற்காலி எங்கே என்று தேடித்தான் பழக்கம். இன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சுற்றிலும் பார்க்க முடிந்தது. பூங்கொத்தோடு ஒரு மாப்பிள்ளை வீட்டார், அட்டையில் ஏதோ சீனப் பெயர் எழுதிப் பிடித்திருந்த டிரைவர், குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பா வருது பாரு அப்பா வருது பாரு என்று வராத அப்பாவைக் காட்டிக்கொண்டிருந்த பெண். யாரும் அவளுடைய காலைப் பார்க்கவில்லை. யாருக்கும் அதற்கு நேரமில்லை. எல்லோருடைய கண்ணும் அந்தக் கண்ணாடிக் கதவில் இருந்தது. வலி இருந்தது, இல்லாமல் இல்லை, கணுக்காலில் மணல் இருந்தது, ஆனால் மணலாகவே இருந்தது. பயம் மட்டும் திரும்ப எழுந்தது. கதவு திறந்து திறந்து மூடியது.

பிலோ அக்கா வந்தாள். சதை போட்டிருந்தாள், முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள், தள்ளுவண்டியில் இரண்டு பெட்டியும் ஒரு மூட்டையும். வேகமாகத்தான் வந்தாள். கம்பிக்கு வெளியே தங்கையைப் பார்த்ததும் நின்றாள், முகம் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறியது, கோபமாக இருப்பதாகத் தீர்மானித்து வந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. கட்டிப்பிடித்தாள். இறுக்கிப் பிடித்ததில் ஜெசிந்தாவின் மணிக்கட்டு நெரிந்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "எளைச்சிட்டடி" என்றாள் அக்கா. "நீ குண்டாயிட்ட." "ஆமா, அதெல்லாம் நல்லா பாரு." தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். "வண்டி எங்க?" என்று மைதானத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள் அக்கா. "அவ்வளவு தூரம் இல்லக்கா. இங்கதான்" என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள், நின்றால் மனசு மாறிவிடும். வண்டிக்குப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். திரும்பிப் பார்த்தபோது அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலத்தை, வெள்ளைக் கோட்டை. பிறகு முன்கண்ணாடியில் இருந்த அட்டையை. பிறகு, யாரும் சொல்லாமலே, டிக்கி மூடியைப் பிடித்திருந்த தங்கையின் விரல்களை. கணுக்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும், ஜவுளிக்கடை வாசலில் அந்த ஸ்கூட்டர்காரன், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தும் தெரியாதது அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. "எத்தன வருஷமா?" என்றாள். "அஞ்சு." "அஞ்சு வருஷம்" என்றாள் அக்கா, தனக்குத்தானே. புதுநன்மை, டிக்கெட், நெட் சரியில்லை, எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வரிசைப்படுத்துகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அப்புறம் திடீரென்று தள்ளுவண்டிக் கம்பியில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "அடி பாவி! நான் என்ன செஞ்சேன் ஏது செஞ்சேன்னு அஞ்சு வருஷமா மண்டைய ஒடைச்சிக்கிட்டுக் கெடக்கேன். அப்பா வீட்டப் பிரிச்சதுல கோவமா, இல்ல உங்க மச்சான் எதுனா பேசிட்டாரா, இல்ல நான்தான் வாய விட்டுட்டேனான்னு. என்னத்துக்குடி என்னைய ஒதுக்கி வச்சன்னு உன் மூஞ்சியப் பாத்துக் கேக்கத்தான் லீவு போட்டு வந்தேன்." ஒதுக்கி வைத்ததா? ஜெசிந்தாவின் பார்வையில் இது இத்தனை காலமும் அக்காவைக் காப்பாற்றுகிற காரியமாக இருந்தது. மறுமுனையில் அது கதவைச் சாத்துகிற சத்தமாகக் கேட்டிருக்கிறது.

"நீதானக்கா சொன்ன" என்றாள் கடைசியில். "அம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு. இன்னொரு சீக்காளியப் பாக்கத் தெம்பு இல்லன்னு." அக்கா விழித்தாள். "நானா? எப்ப?" "கொல்லையில. ரப்பர் ஷீட்டக் கழுவிக்கிட்டு." அக்கா புருவத்தைச் சுருக்கி யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், தலையை ஆட்டினாள். "எனக்கு ஞாபகமே இல்லடி." ஜெசிந்தா அவளையே பார்த்தாள். அவளுடைய ஐந்து வருஷத்தையும் ஆட்டிப்படைத்த வார்த்தை, தினமும் காதில் தேய்த்துக்கொண்டிருந்த வார்த்தை, சொன்னவளுக்கு ஞாபகமே இல்லை. "சொல்லிருப்பேன்" என்றாள் அக்கா. "மூணு நாளு தூக்கம் இல்ல, பச்சத் தண்ணி பல்லுல படல. அன்னைக்கு யாராச்சும் மாதாவே வந்து நின்னிருந்தாலும் போதும் போன்னு சொல்லிருப்பேன். அதப் போயி... உன்னைச் சொன்னேனா நான்? உன்னையாடி சொல்லுவேன்?" என்றவள் ஜெசிந்தாவின் கையை எடுத்தாள். விரல்களைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்து, கனத்தைத் தான் வாங்கிக்கொண்டு, விரல்கள் தானாகத் தொங்கும்படி. அப்படிப் பிடிக்க வேறு யாருக்கும் தெரியாது, தன்ராஜுக்குக்கூடத் தெரியாது. கட்டிப்பிடித்தபோது நெரிந்த இடம் அந்த உள்ளங்கையில் கிடந்து மெதுவாக அடங்கியது. "மருந்து கேக்குதா?" "கேக்குது. வாரத்துக்கு ஒரு மாத்திரை. அம்மா மாதிரி ஆகாதுன்னுதான் டாக்டர் சொல்றாரு." "அம்மாவுக்கு அப்ப அதெல்லாம் எங்க இருந்துச்சு. வெறும் எண்ணெய்தானே." "இப்ப வலிக்குதா?" என்றாள் அக்கா. இல்லை என்றுதான் வாய் போனது. இல்லக்கா, சும்மா லேசா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல, எல்லாமே தயாராக வரிசையில் நின்றன. "வலிக்குதுக்கா" என்றாள் ஜெசிந்தா. "இந்தக் கணுக்கால். கையும்." சொன்னதும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, கூடவே சிரிப்பும் வந்தது, எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல். "சிரிக்கிறதப் பாரு" என்று அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போ. போயி உக்காரு. இதெல்லாம் நான் ஏத்துறேன்."

பெட்டிகளை அக்கா ஏற்றினாள். ஜெசிந்தா தடுக்கவில்லை, உதவுகிற மாதிரி கூடவே நிற்கவும் இல்லை, போய் உட்கார்ந்துகொண்டாள். வண்டியைக் கிளப்பிப் பின்னால் எடுக்கப் பார்த்தால், பக்கத்து வெள்ளை வண்டி பாதி வழியை மறைத்துக்கொண்டு நின்றது. அக்கா ஏறவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்று, ஒரு கையால் வருகிற டாக்ஸியை நிறுத்தி, மறு கையை ஆட்டிக் கத்தினாள், "வா வா வா... ரைட்ல ஒடி... இன்னும் ஒடி... யோவ், நில்லுய்யா, வண்டி வருதுல்ல!" விசில்காரப் பெண் தூரத்திலிருந்து சிரித்துக்கொண்டே தானும் ஒரு ஊதல் ஊதினாள். ஜெசிந்தா விரலை மடக்கிப் பிடிக்கவில்லை. அவளுக்கு வசதியானபடி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஸ்டியரிங்கில் பதித்து, அப்படியே வட்டமாக உருட்டினாள். யார் பார்த்தால் என்ன. வண்டி மெதுவாக வளைந்து வெயிலுக்குள் வந்தது. அக்கா ஓடி வந்து முன்கதவைத் திறந்து ஏறி, தொப்பென்று உட்கார்ந்து, "மெதுவாவே போ. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள்.